வெல்டிங் மெஷின் சாடை காட்டினால்: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

தைப்பூசம் நெருங்கினால் பினாங்கில் வெல்டிங் வேலை செய்பவர்களுக்குத் தூக்கம் கிடையாது. ஜாலான் உத்தாமாவிலிருந்து தண்ணீர்மலைப் பக்கம் வரை வரிசையாகப் பந்தல் எழும்புகிறது. ஜிஐ பைப் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்), வாடகை ஜெனரேட்டர், யார் யாரிடமோ இரவல் வாங்கிய எக்ஸ்டென்ஷன் வயர், நடுவில் ஒரு மழை. மற்ற மாதங்களில் ஜெலுத்தோங், பட்டர்வொர்த், பிறை பட்டறைகளில் கேட், கிரில், லோரி பாடி. வேலை எதுவானாலும், பெரிய அடி விழுவதற்கு முன்னால் மெஷின் பெரும்பாலும் ஒரு சாடை காட்டிவிடும். கை லேசாகப் பிடிக்கும், பிளக் சுடும், கரண்ட் கசிந்தால் லைனை அறுக்கும் இஎல்சிபி விழும். நாம் செய்வது என்னவென்றால், அந்தச் சாடையை அடக்கிவிட்டு வேலையைத் தொடர்வது. ஓவர்லோடில் லைனை அறுக்கும் எம்சிபி விழுந்தால் பெரிய எம்சிபி, எர்த் பின் இடைஞ்சலாக இருந்தால் கட்டர். கோளாறு அப்படியே இருக்கும், எச்சரிக்கை மட்டும் போய்விடும்.

உங்களுக்கு நேர்ந்த அறிகுறி எதுவோ, அதற்கு நேராகப் போய்ப் படிக்கலாம். ஒரே நிபந்தனை: மெஷினில் கை வைக்கும் எந்தச் சோதனைக்கும் முன் பிளக்கைப் பிடுங்கி உங்கள் கண்ணில் படும் இடத்தில் வையுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, விஷயம் தெரியாத இன்னொருவர் வந்து போட்டுவிடுவார். சுவருக்குள் இருக்கும் வயரிங், பிரேக்கர்கள் இருக்கும் டிபி பெட்டி இரண்டும் சுருஹான்ஜாயா தெனாகா (எரிசக்தி ஆணையம்) சான்றிதழ் உள்ள வயர்மேனின் வேலை.

மெஷின் பாடியைத் தொட்டால் சுர்ரென்று பிடிக்கிறது

"அண்ணே, மெஷின்ல கை வச்சா லேசா பிடிக்குதுண்ணே."

"செருப்பப் போட்டுக்கடா தம்பி, ஒண்ணும் ஆகாது."

இந்தப் பேச்சு நடக்காத பட்டறை இல்லை. செருப்பு போட்டால் பிடிப்பது நிற்கும், உண்மைதான். வேர்வையில் ஊறிய கை, மழை ஈரத் தரை, மறு கை கேட்டின் மேல் என்று எல்லாம் சேரும் நாளில் அந்தச் செருப்பு உதவாது.

காரணம் பெரும்பாலும் எர்த் இல்லாததுதான். இன்வர்ட்டர் மெஷின்களில் மின் இரைச்சலை வடிகட்ட உள்ளே சிறு கப்பாசிட்டர்கள் வைத்திருப்பார்கள். அவை லைவ், நியூட்ரல் இரண்டையும் பாடியோடு இணைக்கும். எர்த் இருந்தால் அந்தச் சிறு கசிவு சத்தமில்லாமல் அதன் வழியே இறங்கிவிடும். எர்த் இல்லாவிட்டால் பாடி சுமார் பாதி வோல்டேஜில், 115 வோல்ட் பக்கம் நிற்கும். கசியும் கரண்ட் மிகக் குறைவு, அதனால்தான் சுர்ரென்பதோடு போகிறது. ஆனால் நாளைக்கு உள்ளே ஒரு வயர் உரசிப் பாடியைத் தொட்டால், முழு 230 வோல்ட்டும் தரைக்கு இறங்க உங்கள் உடம்பைத் தவிர வேறு வழி இருக்காது.

எர்த் எங்கே அறுந்திருக்கும்? முதலில் பிளக்கைப் பாருங்கள். மலிவு விலை மெஷின்கள் சிலவற்றில் நம் 13 ஆம்பியர் சாக்கெட்டுக்குப் பொருந்தாத பிளக் வரும். உடனே ஒரு அடாப்டர் மாட்டுவோம். அதுவும் இல்லையென்றால் சாக்கெட்டின் மேல் ஓட்டையில் பேனாவைக் குத்தி, உள்மூடியைத் திறந்து, கீழே இரண்டு பின்னைச் செருகுவோம். அந்த மேல் ஓட்டைதான் எர்த். பேனா எர்த் ஆகாது. பிளக்கை வெட்டிவிட்டு, மெஷின் எடுக்கும் ஆம்பியருக்கு ஏற்ற சரியான மூன்று பின் பிளக் போட்டு, பச்சை மஞ்சள் எர்த் வயரை அதன் இடத்தில் முடுக்குங்கள். இரண்டாவது சந்தேகம் எக்ஸ்டென்ஷன்: உள்ளே இரண்டே வயர் ஓடும் எக்ஸ்டென்ஷன்கள் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. மூன்றாவது கட்டடம். ஜார்ஜ் டவுன் பழைய கடைவீடுகளில் மூன்றாவது ஓட்டை பெயருக்கு இருக்கும், பின்னால் வயரே இல்லாமல் இருப்பதும் உண்டு.

சோதனை எளிது. பிளக் வெளியே இருக்கட்டும். மல்டிமீட்டரை ஓமில் வைத்து, ஒரு முனையைப் பிளக்கின் எர்த் பின்னிலும் மறு முனையைப் பாடியில் பெயின்ட் இல்லாத ஒரு திருகிலும் வையுங்கள். 1 ஓமுக்குக் கீழே காட்ட வேண்டும். காட்டாவிட்டால் கோளாறு மெஷினிலோ அதன் வயரிலோ. காட்டினால், எக்ஸ்டென்ஷனையும் சேர்த்துச் சொருகி அதன் பிளக்கிலிருந்து மறுபடி பாருங்கள். அதுவும் சரியாக இருந்து, இன்னும் பிடித்தால், சந்தேகம் சாக்கெட்டின் மேல். வயர்மேனைக் கூப்பிடுங்கள். அவர் வந்து பார்க்கும் வரை அந்தச் சாக்கெட்டில் வெல்டிங் வேண்டாம்.

பாடி சரி, ராட் மாற்றும்போது அடிக்கிறது

இது வேறு கதை. ஆர்க் அடிக்காமல் சும்மா இருக்கும்போதும் ராடைப் பிடிக்கும் ஹோல்டரில் சாதாரணமாக 60 முதல் 80 வோல்ட் வரை நிற்கும். 230 உடன் ஒப்பிட்டால் சிறியதாகத் தெரியும். ஆனால் நம் ஊர் வெக்கையில் கையுறை பத்து நிமிடத்தில் நனைந்துவிடும், நனைந்த தோலுக்குத் தடுக்கும் சக்தி இல்லை. வெல்டிங்கில் உயிரைக் குடித்த அடிகளில் இந்த வகையும் உண்டு.

பலருக்குத் தெரியாத ஒன்று: டிபியில் இருக்கும் இஎல்சிபி இந்த அடியைப் பார்க்கவே பார்க்காது. மெஷினுக்குள் இருக்கும் டிரான்ஸ்பார்மர் ஹோல்டர் பக்கத்தை மெயின் கரண்டிலிருந்து பிரித்துவிடுகிறது. நீங்கள் ராடுக்கும் இரும்புக்கும் நடுவே மாட்டிக்கொண்டால், டிபி பெட்டிக்கு எதுவும் நடந்ததாகவே தெரியாது. இந்தப் பக்கத்தில் காப்பது உலர்ந்த கையுறை, உடையாத ஹோல்டர், காலுக்குக் கீழே ஒரு பலகை, இவ்வளவுதான்.

ஹோல்டரின் பிளாஸ்டிக் விரிசல் விட்டிருந்தால் டேப் சுற்றாமல் மாற்றுங்கள், பெரிய விலை இல்லை. கையுறை இரண்டு ஜோடி வைத்துக்கொண்டு ஒன்று காயும்போது மற்றதைப் போடுங்கள். கேபிளைத் தோளில் சுற்றிக்கொண்டு ஏணி ஏறுவதை விட்டுவிடுங்கள். சூடான ஹோல்டரைத் தண்ணீர் வாளியில் முக்குவது சிலருக்குப் பழக்கம், அதையும்தான். பழைய ஏசி செட் வைத்திருப்பவர்கள் இன்னும் கவனம்: அதே வோல்டேஜில் டிசியைவிட ஏசி அதிக ஆபத்து. புதிதாக வாங்குகிறீர்கள் என்றால் விஆர்டி இருக்கிறதா என்று கேளுங்கள். ஆர்க் இல்லாத நேரத்தில் ஹோல்டர் வோல்டேஜைப் பெரிதும் குறைத்து வைக்கும் வசதி அது.

பந்தல் வேலையில் இரண்டு பேர் இரண்டு மெஷினோடு ஒரே இரும்பில் வேலை செய்வது சகஜம். அப்போது ஒரு ஹோல்டருக்கும் மற்ற ஹோல்டருக்கும் நடுவே இரண்டு மெஷினின் வோல்டேஜும் கூடி நிற்கலாம். "இதைக் கொஞ்சம் பிடிடா" என்று ஹோல்டரை அடுத்தவர் கையில் கொடுக்காதீர்கள்.

யாராவது கரண்டில் மாட்டிக்கொண்டால் முதலில் பிளக், சுவிட்ச், ஜெனரேட்டர், எது பக்கமோ அதை நிறுத்துங்கள். ஆளைத் தொடுவது அதற்குப் பிறகு. மூச்சு இல்லையென்றால் 999 அடித்துவிட்டு நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள். எழுந்து உட்கார்ந்து "ஒண்ணுமில்லை" என்றாலும், பலமாக அடித்திருந்தால் மருத்துவமனையில் ஈசிஜி பார்க்காமல் வீட்டுக்கு அனுப்ப வேண்டாம்.

இஎல்சிபியோ எம்சிபியோ விழுகிறது

விழுந்தது எது என்று முதலில் பாருங்கள். டெஸ்ட் பட்டன் உள்ளது இஎல்சிபி, அது விழுந்தால் எங்கோ கசிவு. சின்ன எம்சிபி விழுந்தால் ஓவர்லோடு அல்லது ஷார்ட்.

இஎல்சிபி என்றால் எல்லாப் பிளக்கையும் பிடுங்கிவிட்டு மேலே தூக்குங்கள். நின்றால் ஒவ்வொன்றாகச் சொருகுங்கள், எதில் விழுகிறதோ அதுதான் ஆள். மழையில் கிடந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்தான் பெரும்பாலும் பிடிபடும். தனித்தனியாக எல்லாம் சரி, மூன்று மெஷின் சேர்ந்தால்தான் விழுகிறது என்றால், ஒவ்வொன்றின் சிறு கசிவும் கூடி வரம்பைத் தொடுகிறது. லைனைப் பிரியுங்கள். எதுவுமே சொருகாதபோதும் விழுந்தால் கோளாறு கட்டடத்தில்.

இன்னொன்று, வீட்டு டிபியில் இருப்பது 100 மில்லியாம்பியர் இஎல்சிபியாக இருக்கலாம். அது தீயைத் தடுக்கும் அளவு. ஆளைக் காக்க 30 மில்லியாம்பியர் வேண்டும். வீட்டில் கேட் வேலை செய்யப் போகும்போது 30 உள்ள ஒரு கையடக்க ஆர்சிடியை (இதுவும் இஎல்சிபி செய்யும் வேலையைத்தான் செய்யும்) நீங்களே கொண்டுபோவது நல்லது. சிறிய ஜெனரேட்டரில் நியூட்ரலை எர்த்தோடு சேர்க்காவிட்டால் இஎல்சிபி வெறும் அலங்காரம். பந்தலுக்கு ஜெனரேட்டர் எடுக்கும்போது வயர்மேனிடம் இதைக் கேட்டுச் சரிசெய்துகொள்ளுங்கள்.

எம்சிபி ஆன் செய்த நொடியே விழுந்து, மறுமுறை நின்றால், அது மெஷின் தொடக்கத்தில் இழுக்கும் கரண்டாக இருக்கலாம். அதே ஆம்பியரில் சி வகை எம்சிபி போட முடியுமா என்று வயர்மேன் பார்த்துச் சொல்வார். 20-ஐ எடுத்துவிட்டு 32 போடுவது தீர்வு ஆகாது. சுவருக்குள் இருப்பது 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் என்றால், எம்சிபிக்குப் பதில் அந்த வயர் எரியும்.

பிளக் சுடுகிறது, கருகிய வாடை

கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும். 160 ஆம்பியரில் வெல்ட் செய்தால் ஆர்க் வோல்டேஜ் 26 பக்கம், அப்படியென்றால் வெளியே வருவதே 4 கிலோவாட்டுக்கு மேல். 13 ஆம்பியர் பிளக் தாங்குவது ஏறக்குறைய 3 கிலோவாட். 2.6 மில்லிமீட்டர் ராட் போட்டு 80 ஆம்பியரில் விட்டு விட்டு அடிக்கும் கிரில் வேலைக்கு அந்தப் பிளக் சமாளிக்கும். 3.2 ராட் போட்டு நாள் முழுக்க ஓட்ட வேண்டுமென்றால் வயர்மேனை வைத்துத் தனி லைனும் தொழிற்சாலை சாக்கெட்டும் போடுங்கள்.

குறைந்த ஆம்பியரிலும் சுட்டால் உள்ளே திருகு தளர்ந்திருக்கும், அல்லது சாக்கெட்டின் பிடிப்பு போயிருக்கும். பழுப்பேறிய சாக்கெட்டை மாற்றத்தான் வேண்டும். சுருள் எக்ஸ்டென்ஷனை முழுக்க அவிழ்த்துப் போடுங்கள். சுற்றியபடியே ஓட்டினால் சூடு வெளியேறாமல் உள்வயர் உருகி ஒட்டிக்கொள்ளும், அதுவும் வெளியே இருந்து பார்த்தால் தெரியாது. பியூஸ் போனால் 13 ஆம்பியர் பியூஸ்தான் போட வேண்டும். சிகரெட் டப்பாவின் வெள்ளித்தாளை மடித்து வைத்த பிளக்குகள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

மஞ்சள் விளக்கு எரிந்து நின்றுவிடுகிறது

மெஷின் கெடவில்லை, ஓய்வு கேட்கிறது. ஸ்டிக்கரில் 200 ஆம்பியர், 30% என்று இருந்தால், அந்த ஆம்பியரில் பத்து நிமிடத்துக்கு மூன்று நிமிடம்தான். அதுவும் 40 டிகிரி சூட்டை வைத்துச் சொன்ன கணக்கு. மதியம் தகரக் கூரைக்குக் கீழே அதற்கு மேலும் ஏறலாம். அணைக்காதீர்கள், விசிறி ஓடி ஆறட்டும்.

குறைந்த வேலைக்கே அடிக்கடி எரிந்தால் உள்ளே தூசி. கிரைண்டர் பறக்கவிடும் இரும்புத் தூள்தான் பெரிய எதிரி, அது கரண்ட் கடத்தும். கடலோரப் பட்டறைகளில் உப்புக் காற்றும் சேர்ந்து போர்டை அரிக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, காற்று வரும் துளை வழியே உலர்ந்த காற்றை மெதுவாக ஊதுங்கள். மூடியைக் கழற்றுவது வேறு விஷயம்: உள்ளே பெரிய கப்பாசிட்டர்களில் 300 வோல்ட்டுக்கு மேல் டிசி, பிளக் பிடுங்கிய பிறகும் சிறிது நேரம் தங்கியிருக்கும். அதை மெஷின் ரிப்பேர் தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள்.

கிளாம்ப் சுடுகிறது, வேறு எங்கோ பொறி பறக்கிறது

கரண்ட் மெஷினுக்குத் திரும்புவதற்காக இரும்பில் மாட்டும் கிளாம்பைத் துருவிலோ பெயின்டிலோ கடிக்கவிட்டால் கரண்ட் திரும்பிவர வேறு வழி தேடும். தொங்கும் இரும்பை வெல்ட் செய்யும்போது செயின் பிளாக்கின் சங்கிலி வழியே போகும். லோரியில் பேரிங் வழியே போகும். கட்டடத்தோடு தொட்டிருந்தால் கட்டடத்தின் எர்த் வயர் வழியே போய் அதையே எரித்துவிடும், அப்புறம் மேலே சொன்ன சுர் எல்லாருக்கும் கிடைக்கும். வெல்ட் செய்யும் இடத்துக்குப் பக்கத்தில், கிரைண்டரால் பளபளவென்று ஆக்கிய இரும்பில் கிளாம்பை மாட்டுங்கள். லோரி, கார் என்றால் முதலில் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள்.

ராத்திரி கண்ணில் மணல் கொட்டியது போல் எரிகிறது

ஆர்க் வெளிச்சம் கருவிழியின் மேல்தோலைச் சுட்டிருக்கிறது. அடித்த உடனே தெரியாது, ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்துத்தான் தொடங்கும். அதனால்தான் நடு ராத்திரியில் எழுப்புகிறது. விளக்கை அணைத்து, ஈரத்துணியைக் கண்மேல் போட்டு, வலி மாத்திரை போடுங்கள். கான்டாக்ட் லென்ஸ் இருந்தால் கழற்றுங்கள். தாய்ப்பால், உருளைக்கிழங்குச் சாறு எதையும் கண்ணுக்குள் விட வேண்டாம், கிருமிதான் சேரும். மரத்துப்போக வைக்கும் சொட்டு மருந்தை வாங்கி வைத்து விட்டுக்கொண்டே இருப்பது கருவிழியை ஆறவிடாது. பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் சரியாகிவிடும்.

ஒரே கண் மட்டும் உறுத்தினால் அது ஆர்க்காக இல்லாமல் கிரைண்டர் துகளாக இருக்கலாம். அதற்கும், பார்வை மங்கினாலும், காத்திருக்காமல் கிளினிக்குக்குப் போங்கள். 100 ஆம்பியர் ராட் வேலைக்கு மாஸ்க்கில் 10-ஆம் எண் கறுப்புக் கண்ணாடி வேண்டும். அதிகம் அடி வாங்குவது கேட்டைப் பிடித்துக்கொண்டு "முகத்தைத் திருப்பிக்கிறேண்ணே" என்று நிற்கும் கையாள்தான். அவருக்கும் ஒரு மாஸ்க் கொடுங்கள். பந்தல் போடும் இடத்தில் வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளுக்கு மறைப்புக் கட்டுங்கள்.

பைப் வேலை முடிந்த அன்று ராத்திரி குளிர் காய்ச்சல்

ஜிஐ பைப்பை வெல்ட் செய்யும்போது வெள்ளைப் புகை வந்ததா, பஞ்சு போல் பறந்ததா, வாயில் இனிப்பு கலந்த இரும்புச் சுவை தெரிந்ததா? துத்தநாகப் புகை. சில மணி நேரம் கழித்துக் காய்ச்சல், நடுக்கம், உடம்புவலி என்று வரும், ஒன்றிரண்டு நாளில் இறங்கும். தொடர்ந்து அடிப்பவர்களுக்குக் கொஞ்சம் பழகும், ஞாயிறு லீவு விட்டால் திங்கட்கிழமை மறுபடி வரும். பால் குடித்தால் போகும் என்பது வெல்டர்களிடம் தலைமுறை தலைமுறையாக ஓடும் பேச்சு. பால் வயிற்றுக்குப் போகிறது, புகை நுரையீரலுக்குப் போகிறது.

மூச்சு வாங்கினாலோ நெஞ்சு இறுகினாலோ அதைச் சாதாரணக் காய்ச்சலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். காட்மியம் பூசிய போல்ட், நட்டிலிருந்து வரும் புகை தொடக்கத்தில் இதே மாதிரிதான் இருக்கும், ஆளைக் கொல்லும். குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்த இரும்பும் அப்படித்தான், ஆர்க் வெளிச்சம் பட்டால் அந்த ஆவி பாஸ்ஜீன் வாயுவாக மாறும். நேராக மருத்துவமனைக்குப் போய், என்ன இரும்பு, என்ன கிளீனர் என்று சொல்லுங்கள்.

தடுப்பது கஷ்டமில்லை. வெல்ட் செய்யும் இடத்தின் இருபுறமும் இரண்டு மூன்று விரல் அகலத்துக்குத் துத்தநாகத்தை, மாஸ்க் போட்டுக்கொண்டு, கிரைண்டரால் எடுங்கள். காற்று பக்கவாட்டில் வரும்படி நின்று தலையைப் புகைக்கு வெளியே வையுங்கள். கடையில் விற்கும் நீல மருத்துவ மாஸ்க் இதற்கு ஆகாது, குறைந்தது என்95 வேண்டும். ஜிஐ இல்லாத சாதா இரும்பென்றாலும் புகை புகைதான்: உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2017-இல் வெல்டிங் புகையைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது.

கேஸ் செட்: டப் என்ற சத்தம், சீறல், சூடான சிலிண்டர்

ஆக்சிஜன், அசிட்டிலீன் கேஸ் செட்டில் டார்ச் டப்பென்று வெடித்து அணைந்தால் முனை அடைத்திருக்கிறது, அல்லது கேஸ் அழுத்தம் குறைவு. மூடி, ஆறவிட்டு, சுத்தம் செய்யுங்கள். டப்போடு நிற்காமல் உள்ளேயே சீறினால் நெருப்பு பின்னால் போகிறது: ஆக்சிஜனை முதலில், உடனே அசிட்டிலீனை மூடுங்கள். நெருப்பு அப்படிப் பின்னால் போவதைத் தடுக்கும் பிளாஷ்பேக் அரெஸ்டர் இல்லாத செட்டைத் தொடவே தொடாதீர்கள். அசிட்டிலீன் 15 பிஎஸ்ஐக்கு மேல் போகக் கூடாது, அதற்கு மேல் அது நெருப்பில்லாமலே வெடிக்கக்கூடும். ஆக்சிஜன் ரெகுலேட்டர் இறுக்கமாக இருக்கிறது என்று எண்ணெய், கிரீஸ் எதுவும் தடவ வேண்டாம். கசிவைச் சோப்பு நுரையால் பாருங்கள், லைட்டரால் இல்லை. லோரியில் படுத்து வந்த அசிட்டிலீன் சிலிண்டரை நிமிர்த்தி, சில மணி நேரம் விட்ட பிறகே திறங்கள்.

அசிட்டிலீன் சிலிண்டர் தானாகச் சுடுகிறது என்றால் உள்ளே சிதைவு தொடங்கிவிட்டது. அசைக்க வேண்டாம், தீ இருந்தால் நீங்களே அணைக்கப் பார்க்கவும் வேண்டாம். எல்லாரையும் தூரமாகக் கூட்டிப்போய் 999-இல் பொம்பாவை (தீயணைப்புப் படையை) கூப்பிட்டு, அசிட்டிலீன் என்று சொல்லுங்கள்.

எல்லாம் முடிந்து பூட்டும்போது எங்கோ புகை வாடை

வாடை வந்தால் பூட்டாதீர்கள். பொறி பத்து மீட்டர் வரை உருண்டு போகும். மரத்தூள், அட்டை, பந்தல் துணி, எண்ணெய்த் துணி என்று எதிலாவது ஒளிந்துகொண்டு மெதுவாகப் புகையும். வேலை நிறுத்தி ஒரு மணி நேரம் யாராவது இருந்து சுற்றிப் பார்க்க வேண்டும், சுவருக்கு மறுபக்கமும் கூரைக்கு மேலேயும் சேர்த்து. தீயணைப்பான் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும், லோரி டூல் பாக்ஸுக்குள் இல்லை.

காலி டிரம்மும் இந்தக் கணக்கில்தான். தின்னர் இருந்த டிரம் காலியாக இருக்கும்போதுதான் ஆவி நிறைந்து நிற்கும். தண்ணீர் விட்டுக் கழுவினாலும் மடிப்புகளில் தங்கும், ஆர்க் சூட்டில் வெளியே வரும். யாராவது அதை இரண்டாக வெட்டி அடுப்பு செய்து தரச் சொன்னால் முடியாது என்று சொல்லிவிட்டு, புது தகட்டில் செய்து தருவதாக விலை சொல்லுங்கள்.